கடல் கடந்து வந்த கொண்டைக்கிளி

தூத்துக்குடி, முத்தினால் பெயர்பெற்ற ஊர். பாண்டியர் காலத்தில் கொற்கைத் துறையில் தழைத்திருந்த முத்து வாணிகம், அத்துறை மணல் மேடிட்டுக் கடல் விலகியபின் பழைய காயலிலும், பின்னர்த் தூத்துக்குடியிலும் நிலைகொண்டது. அம்முத்தினை நாடிப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். 1658ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அவர்களை வென்று ஊரைக் கைப்பற்றினர். 1825ஆம் ஆண்டில் அஃது ஆங்கிலேயர் கையில் முழுமையாகச் சேர்ந்தது. அம்மூவரும் சென்றுவிட்டனர், அரசினரின் மேற்பார்வையில் நடந்துவந்த முத்துக்குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால், அம்மூவர் நாவிலும் புகுந்து, உருமாறி வந்த பறவைப் பெயர் ஒன்று மட்டும் இன்றும் நம் கடைத்தெருக்களில் வழங்கி வருகின்றது.

மலாய் மொழியில் கொண்டையுடைய பெருங்கிளிக்குக் 'காக்கத்துவா' என்பது பெயர். அச்சொல்லே தமிழில் 'காக்கத்துவான்' ஆயிற்று. அதனைப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் தத்தம் வாய்க்கு ஏற்பத் திரித்து, 'சிறிய காக்கத்துவான்' என்று பொருள்படுமாறு வழங்கினர் என்பர். ஆங்கிலேயர் அதனைக் 'காக்கட்டீல்' ஆக்கினர். நம் நாட்டுப் பறவைக் கடைகளில் அது மேலும் தேய்ந்து 'காக்டெயில்' என்று ஒலிக்கின்றது.

இப்பறவையின் தாயகம் ஆஸ்திரேலியா. அக்கண்டத்தின் நடுவே விரிந்து கிடக்கும் வறண்ட புல்வெளிகளில், நீரும் விதையும் உள்ள இடங்களைத் தேடிக் கூட்டங்கூட்டமாகப் பறந்து திரிவது இதன் இயல்பு. 1792ஆம் ஆண்டில் இராபர்ட்டு கெர் என்னும் அறிஞர் இதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். அப்பெயரில் உள்ள 'ஹாலந்து' என்னும் சொல், ஆஸ்திரேலியாவை அந்நாளில் 'புது ஹாலந்து' என வழங்கிய வழக்கைக் குறிப்பது. வால் நுனி வரை அளந்தால் இதன் நீளம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 100 கிராம். உடல் சாம்பல் நிறம், சிறகில் வெண்பட்டை, கன்னத்தில் செம்மஞ்சள் வட்டம், தலையில் விரிந்து மடியும் கொண்டை. ஆணின் முகம் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். பெண்ணின் முகம் மங்கியது. அதன் வால் அடியில் குறுக்குக் கோடுகள் காணப்படும். வெண்மை, மஞ்சள், புள்ளி முதலிய வேறு நிறங்கள் கூண்டில் வளர்த்தோரிடம் பின்னாளில் தோன்றியவை; காட்டில் உள்ளது சாம்பல் நிறமே.

ஆஸ்திரேலிய அரசு 1960ஆம் ஆண்டு முதல் தன் நாட்டுப் பறவைகளை வாணிகத்திற்காக வெளிநாடுகளுக்கு அனுப்புவதைத் தடை செய்துள்ளது. ஆகவே, இன்று நம் நாட்டில் விற்கப்படும் காக்கட்டீல்கள் கூண்டில் பிறந்தவை. அவற்றின் பெற்றோரும், பெற்றோரின் பெற்றோரும் கூண்டில் பிறந்தவையே. தன் முன்னோர் பறந்த புல்வெளியை அவற்றுள் ஒன்றும் கண்டதில்லை. இவ்வுண்மையை நினைவில் வைத்தாலன்றி, இப்பறவைக்கு எது நன்மை, எது தீமை என்பது விளங்காது.

தமிழருக்குக் கிளி புதிய உறவன்று. தினைப்புனத்தில் கிளி கடிந்த மகளிரைச் சங்கப் புலவர் பாடினர். மதுரையில் மீனாட்சியம்மை கையில் கிளி அமர்ந்திருக்கின்றது. திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையில் உள்ள கிளியோ, நாள்தோறும் இலையும் பூவும் கொண்டு புதிதாகப் புனையப்படுவது. அதற்குக் கூண்டும் வேண்டா, தீனியும் வேண்டா! ஆனால் உயிருள்ள பச்சைக்கிளியின் நிலை வேறாக இருந்தது. பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்து, சிறகு நறுக்கி, உள்ளங்கையளவுக் கூண்டில் அடைத்துச் சீட்டு எடுக்க வைத்த காட்சியைத் தெருவோரங்களில் மக்கள் நெடுங்காலம் கண்டுள்ளனர். 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் அதில் செய்யப்பட்ட திருத்தங்களும் இதற்குத் தடை விதித்தன. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வீட்டில் அடைத்து வைப்பதும் இன்று குற்றமாகும். அயல்நாட்டு உயிர்களை வளர்ப்போரும், அவ்வுயிர்கள் உலக நாடுகளின் வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தால், அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும் என 2022ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகின்றது. காக்கட்டீல் அப்பட்டியலில் சேரவில்லை. அதனை வீட்டில் வளர்க்கத் தடையும் இல்லை.

இங்கே இளைஞர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்தல் கொடுமையானால், காக்கட்டீலை அடைத்தல் மட்டும் எங்ஙனம் தகும்? கூண்டைத் திறந்து அதனையும் வானத்தில் விட்டுவிடுவதன்றோ அருள்? நல்ல உள்ளத்திலிருந்து எழும் கேள்விதான் இது. ஆனால், அவ்வாறு விடப்பட்ட பறவைக்கு நேர்வது என்ன? அதற்கு இவ்வூர் மரம் தெரியாது. இரை தேடத் தெரியாது. காக்கையும் பருந்தும் பகை என்பதையும் அது கற்றதில்லை. வேற்று நிறமுடைய பறவையைக் கண்டவுடன் காக்கைக் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். விட்டவர் கண்ணுக்கு அது விடுதலையாகத் தோன்றினும், பறவைக்கு அது பெரும்பாலும் இரண்டொரு நாளில் வரும் சாவேயாகும். பச்சைக்கிளிக்குச் செய்யத்தக்க நன்மை அதனைத் தொடாதிருத்தல். காக்கட்டீலுக்குச் செய்யத்தக்க நன்மை அதனைக் கைவிடாதிருத்தல். கைவிடாதிருத்தல் எளிதன்று. நன்கு பேணப்பட்ட காக்கட்டீல் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். சில அதற்கு மேலும் வாழ்வதுண்டு. பன்னிரண்டு வயதில் ஒரு மாணவன் குஞ்சு ஒன்றை வாங்கினால், அப்பறவை முதுமை அடையும்போது அவனுக்கு முப்பது வயது ஆகியிருக்கும். தேர்வு வரும், வேலை வரும், ஊர் மாறும். அப்பொழுதெல்லாம் பறவைக்கு நீர் வைப்பவர் யார் என்பதை வாங்கும் முன்பே வீட்டார் கூடிப் பேசி முடிவு செய்தல் வேண்டும். அம்முடிவு கிட்டாத வீட்டில் பறவை வாங்காதிருப்பதே நலம்.

வாங்க முடிவு செய்தபின், முதலில் கருதத்தக்கது கூண்டு. பறவை இரு சிறகையும் முழுதும் விரித்துத் திரும்ப இடம் இருத்தல் வேண்டும். 60 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் குறைந்த அளவு என்று கொள்ளலாம். கம்பிகளின் இடைவெளி தலை நுழையாதவாறு 2 சென்டிமீட்டருக்குள் அமைய வேண்டும். கடற்கரை ஊரில் மற்றொரு கவலையும் உண்டு. உப்புக் காற்று இரும்பை எளிதில் அரித்துவிடும். துருப்பிடியாதிருக்கும் பொருட்டுத் துத்தநாகம் பூசிய கம்பியைப் பலர் வாங்குவர். காக்கட்டீல் கூண்டின் மேல் அலகால் பற்றியேறும் பறவை. பூச்சு உரிந்து வயிற்றில் சேர்ந்தால் துத்தநாகம் நஞ்சாகும். விலை கூடினும் துருவேறா எஃகுக் கூண்டே இவ்வூர்க்கு ஏற்றது. அமர்வதற்கு ஒரே பருமனுள்ள நெகிழிக் குச்சிகளை வைத்தால் காலில் புண் உண்டாகும். வேம்பு, கொய்யா ஆகியவற்றின் கிளைகளைக் கழுவி உலர்த்திப் பருமன் வேறுபடுமாறு பொருத்தினால், காலுக்கும் நலம். கடித்துப் பொழுது போக்கவும் உதவும். கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்க வேண்டும். நான்கு புறமும் வெட்டவெளியாக இருந்தால் பறவை அஞ்சிக்கொண்டே இருக்கும்.

உணவில்தான் பெரும்பாலோர் தவறு செய்கின்றனர். தினையும் கம்பும் இதற்கு விருப்பமானவை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளையும் கம்பும் சோளமும் நல்ல தீனியே. சூரியகாந்தி விதையை இது பேராவலுடன் உண்ணும். அதில் கொழுப்பு மிகுதி. நாள்தோறும் கொடுத்தால் ஈரல் கெடும். விதைகளை மட்டுமே உண்டு வளரும் பறவைக்கு உயிர்ச்சத்து 'ஏ' குறைந்து, மூக்கிலும் தொண்டையிலும் நோய் பற்றும். எனவே முருங்கைக்கீரை, துருவிய கேரட்டு, முளைகட்டிய பயறு, சிறிதளவு பழம் ஆகியவற்றையும் பழக்குதல் வேண்டும். புதிய உணவைக் கண்டதும் காக்கட்டீல் அஞ்சி விலகும். பத்து நாள் தொடர்ந்து வைத்தபின் பதினோராம் நாள் கொத்தினாலும் வியப்பில்லை. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகாடோவும், சாக்லேட்டும், காப்பியும், தேநீரும் இதற்கு நஞ்சு. உப்பிட்ட பண்டங்களும் ஆகா. தூத்துக்குடிக்குப் புகழ் தேடித்தந்த மக்ரூனைப் பறவைக்கு ஊட்டி மகிழும் அன்பர்களும் இருத்தல் கூடும். சர்க்கரை நிறைந்த அப்பண்டம் பறவைக்கு உரியதன்று.

நீரைப் பற்றியும் இங்கே சொல்லுதல் வேண்டும். கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்கும். நூறு கிராம் எடையுள்ள உடலுக்குச் சிறிதளவு உப்பும் பெருஞ்சுமை. வீட்டார் பருகும் நன்னீரையே பறவைக்கும் வைத்து, நாள்தோறும் மாற்ற வேண்டும். கோடையில் இருமுறை மாற்றுதல் நன்று.

இவ்வூர்க் கடல் இப்பறவைக்குத் தரும் கொடை ஒன்று உண்டு. ஓட்டுக் கணவாய் என்று மீனவர் கூறும் கடலுயிரின் முதுகுக்குள்ளே வெண்மையான ஓடு ஒன்று அமைந்திருக்கும். நுண்ணிய அறைகள் பல அடுக்கடுக்காக அமைந்த அந்த ஓடு, கணவாய் நீரில் அமிழவும் எழவும் துணைசெய்வது. கணவாய் இறந்தபின் ஓடு மிதந்து கரை ஒதுங்கும். சித்த மருத்துவர் இதனைக் 'கடல் நுரை' என்று வழங்குவர். உலகெங்கும் பறவை வளர்ப்போர் விலைகொடுத்து வாங்கும் பொருள் இது. மன்னார் வளைகுடாக் கரையிலோ மணலில் நடந்து பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால், பொறுக்கியவாறே கூண்டில் கட்டுதல் கூடாது. நன்னீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, ஒரு வாரம் கழித்து உப்பும் நாற்றமும் நீங்கியதை அறிந்து, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். எண்ணெயோ அழுக்கோ படிந்த ஓட்டைக் கழித்துவிட வேண்டும். பின்னர் மென்மையான பக்கம் பறவையை நோக்குமாறு கூண்டுக் கம்பியில் பிணைத்தால், பறவை அதனை அலகால் சுரண்டி உண்ணும்.

அதனால் விளையும் பயன் பெரிது. கணவாய் ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. முத்துச்சிப்பி தன்னுள் புகுந்த உறுத்தும் பொருளைச் சுற்றிப் படலம் படலமாகச் சுரந்து முத்தாக்குவதும் அதே சத்தினைக் கொண்டுதான். 1973ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியபோது, சிப்பியின் இத்தொழிலையே அவர்கள் தம் கையால் தூண்டினர். பறவையின் முட்டை ஓடும் அதே சத்துத்தான். பெண் காக்கட்டீல் ஒருமுறைக்கு 4 முதல் 7 முட்டைகள் இடும். துணையின்றித் தனித்திருக்கும்போதும் இடுவதுண்டு. உணவில் சுண்ணாம்புச் சத்து போதாவிடில், ஓட்டுக்கு வேண்டியதை அதன் எலும்பிலிருந்தே உடல் எடுத்துக்கொள்ளும். தசை வலுவிழந்து முட்டை வெளிவராமல் தடைப்படும். அந்நிலையில் பறவை கூண்டின் அடியில் அமர்ந்து முக்கிக்கொண்டிருக்கும். ஒரே நாளில் இறந்துபோதலும் கூடும். கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஓர் ஓடு, ஓர் உயிரைக் காப்பது இவ்வாறுதான்.

முத்துக் குளிப்போர் கடலடியில் ஏறத்தாழ ஒரு நிமிடமோ சற்றுக் கூடவோ மூச்சை அடக்கித் தொழில் செய்தனர். புகையினிடையே அகப்பட்ட பறவைக்கு அவ்வாறு தப்பும் வழி இல்லை. பறவைகளின் நுரையீரலோடு காற்றுப் பைகள் பல இணைந்துள்ளன; அதனால் காற்றிலுள்ள நஞ்சு மனிதனைத் தாக்கும் முன்பே அவற்றைத் தாக்கிவிடும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக் காற்றை அறிவதற்காக மஞ்சள் கனேரிப் பறவையைக் கொண்டுசென்ற வழக்கம், 1986ஆம் ஆண்டில்தான் கைவிடப்படத் தொடங்கியது. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, நிறமும் மணமும் இன்றியே சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்திப் புகை, சாம்பிராணிப் புகை, பீடி சிகரெட்டுப் புகை ஆகியவையும் தீயவை. அடுக்களையில் கூண்டு வைத்தல் ஒருபோதும் கூடாது.

கூண்டு எவ்வளவு பெரிதாயினும், நாள்தோறும் சிறிது நேரமாவது பறவை வெளியே வந்து பறத்தல் வேண்டும். திறக்கும் முன் சன்னலையும் கதவையும் மூடி, கூரையில் சுழலும் மின்விசிறியை நிறுத்துதல் வேண்டும். நம் வீடுகளில் வளரும் பறவைகளுக்கு எமனாக வருவது பெரும்பாலும் இந்த மின்விசிறியே. நீர் நிறைந்த வாளியையும் மூடிவைக்க வேண்டும்.

காக்கட்டீல் தன் எண்ணத்தைக் கொண்டையால் பேசும். நிமிர்ந்து நின்றால் வியப்பு அல்லது அச்சம்; தலையோடு ஒட்டப் படிந்து, அலகும் திறந்தால் சினம்; பின்புறம் சற்றே சாய்ந்து தளர்ந்திருந்தால் அமைதி. இதனை அறியாதவன் படிந்த கொண்டையைப் பணிவு என்று எண்ணிக் கையை நீட்டிக் கடிபடுவான்! புதிதாக வந்த பறவையைச் சில நாள் தொடாமல் விட்டு, அருகில் அமர்ந்து மெல்லப் பேசி, தினைக்கதிரைக் கையில் நீட்டிப் பழக்குதல் வேண்டும். பிடித்து அடக்கினால் ஒரு நாளில் இழந்த நம்பிக்கையை ஒரு மாதத்திலும் மீட்க இயலாது. ஆண்பறவை சீழ்க்கையொலியை நன்கு கற்கும். சமையற்கலத்தின் ஊதலையும் தொலைபேசி மணியையும் அது போலவே ஒலித்து வீட்டாரை ஏமாற்றும்.

இரவில் 10 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். இருளில் திடீரென எழும் ஒலிக்கு இப்பறவை மற்றக் கிளிகளைக் காட்டிலும் மிகுதியாக வெருண்டு, கம்பியில் மோதிச் சிறகை முறித்துக்கொள்ளும். தீபாவளி இரவு இதற்குக் கொடிய இரவு. அன்று கூண்டை உள்ளறையில் வைத்து, சிறு விளக்கொன்றை அணைக்காது விட்டு, எவரேனும் அருகில் இருத்தல் நன்று.

இறுதியாக நோயைப் பற்றி அறிதல் வேண்டும். காட்டில் தளர்ந்து காணப்படும் பறவையையே பகை முதலில் பற்றும்; ஆதலால் நோயை மறைத்தல் இதன் பிறவிக் குணமாயிற்று. இறகைச் சிலிர்த்துக்கொண்டு பகலில் உறங்குதல், மூச்சுக்கேற்ப வால் ஆடுதல், எச்சத்தின் நிறம் மாறுதல் ஆகிய குறிகள் வெளிப்படும்போது நோய் முற்றியிருக்கும். மனிதரையும் பற்றக்கூடிய கிளிக்காய்ச்சல் என்னும் நோயும் உண்டு. 1929, 1930ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவிலிருந்து கப்பலேறிய கிளிகளால் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலரைக் கொன்றது. இன்று அதனைத் தீர்க்கும் மருந்து உண்டு. எனினும், கூண்டைத் துப்புரவு செய்யும்போது தூசி பறவாதவாறு நீர் தெளித்தலும், பின்னர்க் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், அலகில் முத்தமிடாதிருத்தலும் இன்றியமையாதன. மறைந்த நோயை வெளிப்படுத்தும் எளிய கருவி அடுக்களைத் தராசு. கிராம் கணக்கில் நிறுக்கும் தராசில் வாரம் ஒருமுறை, காலையில் உணவுக்கு முன், பறவையை நிறுத்து ஏட்டில் குறித்தல் வேண்டும். 100 கிராம் இருந்த பறவை 90 கிராமுக்கு வந்துவிட்டால், அது ஆடிப்பாடிக் கொண்டிருந்தாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அண்மையில் உள்ள திருநெல்வேலியிலும் 2012ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. போகும்போது எடை குறித்த ஏட்டையும், கூண்டின் அடியில் விரித்திருந்த தாளையும் உடன் எடுத்துச் செல்லுதல் நன்று.